வசனத்தில் விட்டுப்போன ஒரு சொல்

போன ஞாயிறு ஆராதனை முடிந்து, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடையில் அப்பாவும் நானும் பசியாறிக்கொண்டிருந்தோம். பக்கத்து மேசையில் ஒருவர், வேலைக்குப் போகாத தன் மச்சானைத் திட்டிக்கொண்டே, "வேலை செய்யாதவன் சாப்பிடக்கூடாதுன்னு பைபிள்லயே இருக்குது" என்றார். அப்பா பிட்ட தோசையைத் தட்டிலேயே வைத்துவிட்டார். நீளக் கம்பில் அரிவாளைக் கட்டிக்கொண்டு அண்ணாந்து அண்ணாந்து செம்பனை (எண்ணெய்ப்பனை) குலை வெட்டியவர், முதுகு போய் நாலு வருஷமாக வீட்டில் இருக்கிறார். அந்த மனிதர் அவரைச் சொல்லவில்லை, அது அப்பாவுக்கும் தெரியும். இருந்தாலும் தோசை இறங்கவில்லை.

பைபிளில் அப்படி இல்லவே இல்லை. 2 தெசலோனிக்கேயர் 3:10-ல் இருப்பது, ஒருவன் வேலைசெய்ய "மனதில்லாதிருந்தால்" அவன் சாப்பிடவுங்கூடாது என்பது. அந்த ஒரு சொல்லை யார் எப்போது கழற்றினார்களோ, வசனம் அப்படியே ஆளை மாற்றி அடிக்கிறது. அடுத்த வசனத்தைப் படித்தாலே போதும், அந்தக் கடிதத்தை எழுதிய பவுல் யாரைச் சொல்கிறார் என்று தெரியும்: ஒரு வேலையும் செய்யாமல், ஊர் வம்பில் தலையைக் கொடுத்துத் திரிந்தவர்கள். அதைச் சொன்னவரும் சும்மா இருந்தவர் இல்லை, கூடாரம் தைத்து இராப்பகலாக உழைத்தவர். உடம்பு முடியாதவனைப் பற்றி அங்கே ஒரு எழுத்துகூடக் கிடையாது. 13-ஆம் வசனம் நன்மை செய்வதில் சோர்ந்துபோகாதீர்கள் என்கிறது, அதை மட்டும் யாரும் கடையில் உட்கார்ந்து சொல்லி நான் கேட்டதில்லை.

1918-இல் ரஷ்யாவின் அரசியல் சட்டத்திலும் இதே வாக்கியம் ஏறியது. கடவுளே வேண்டாம் என்ற லெனின், அடுத்தவன் உழைப்பில் சாப்பிடும் பணக்காரனைப் பார்த்து அதைச் சொன்னார். எங்கள் தோட்டத்திலோ அது கூலிக்காரன் பக்கம் திரும்பியது. பாட்டி ரப்பர் பால்மரம் வெட்டிய காலத்தில், காய்ச்சலில் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, வராதவர் பெயர் செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் ஏறாது, அன்றைக்குச் சம்பளமும் கிடையாது, கேட்டால் தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி ஒருவர் இந்த வசனத்தைத்தான் எடுத்து விடுவாராம். பாட்டிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கடவுளே சொல்லிவிட்டார் என்று நம்பிச் சாகும்வரை காய்ச்சலோடும் வேலைக்குப் போனாள். எனக்கு இதுதான் ஆறவே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் பைபிளை எடுத்து அந்தப் பக்கத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு, விரலை வைத்து, எழுத்துக்கூட்டி அந்தச் சொல் வரைக்கும் வந்து நின்றார்.

"மனசெல்லாம் இருக்குதே" என்றார் அம்மாவைப் பார்த்து. அப்புறம் ரெண்டு தோசை ஊற்றச் சொன்னார்.