பாடி எப்ப வருது?

நேற்று எங்கள் ஊர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்திப் படம் வந்தது. கலெக்டர் ஆபீஸ் வாசலில் ஒரு பெண், இடுப்பில் குழந்தை, கையில் மனு. சவூதியில் இறந்துபோன கணவரின் உடலை ஊருக்குக் கொண்டுவரச் சொல்லிக் கோரிக்கை. திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் நடந்தால் எந்த மாவட்டத்திலிருந்தாவது இப்படி ஒரு படம் வந்துவிடும். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். நான் எதுவும் போடவில்லை. மூன்று வருஷத்துக்கு முன்னால் அதே மாதிரி ஒரு வாசலில் என் அக்கா நின்றாள். மனுவை எழுதிக் கொடுத்தவன் நான்.

அத்தானுக்கு ரியாத்தில் எலக்ட்ரீஷியன் வேலை. ராத்திரி சாப்பிட்டுப் படுத்தவர் காலையில் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. மத்தியானத்துக்குள் ஊரே எங்கள் வாசலில் கூடிவிட்டது. "பாடி எப்ப வருது?" என்று அன்றைக்குக் கேட்க ஆரம்பித்தார்கள். வந்தது 27ஆம் நாள்.

அந்த 27 நாளும் எங்கே போனது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி அறிக்கையும் போலீஸ் அறிக்கையும் வேண்டும். அங்கே இருக்கும் யாராவது ஒருவர் பெயருக்குக் குடும்பம் பவர் எழுதிக் கொடுக்க வேண்டும். உடல் ஊருக்கு வர வேண்டுமா, அங்கேயே அடக்கமா என்று வாரிசுகள் சம்மதக் கடிதம் தர வேண்டும். அதைப் பார்த்துத் தூதரகம் மரணத்தைப் பதிந்து, பாஸ்போர்ட்டை ரத்து செய்து, தடையில்லாச் சான்று கொடுக்கும். அப்புறம் அந்த நாட்டு இறப்புச் சான்று, நாட்டைவிட்டு வெளியே அனுப்ப எக்சிட் அனுமதி, உடல் கெடாமல் இருக்க எம்பாமிங், கடைசியாக கார்கோ புக்கிங். ஒன்று முடியாமல் அடுத்தது நகராது. காகிதம் எல்லாம் சரியாக இருந்தால் இவ்வளவு நாள் ஆகிற வேலை இல்லை.

எங்களுக்கு இரண்டு இடத்தில் மாட்டியது. அத்தானின் இக்காமா, அதாவது அங்கே தங்குவதற்கான அனுமதி அட்டை, முடிந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. புதுப்பிக்க வேண்டியவர் கஃபீல், அவரை வேலைக்கு எடுத்த அங்கத்து முதலாளி. அவர் போனையே எடுக்கவில்லை. இரண்டாவது சிக்கல், பெயர். பாஸ்போர்ட்டில் அத்தானின் அப்பா பெயர் பின்னால் இருக்கிறது. அரபியில் எழுதிய இக்காமாவில் அது முன்னால். ஆதாரில் வெறும் இனிஷியல். அக்காவின் பாஸ்புக்கில் அத்தான் பெயரில் ஓர் எழுத்து கூடுதல். நமக்கு இதெல்லாம் ஒரே ஆள்தான். அங்கே கவுன்ட்டரில் இருப்பவருக்கு நான்கு ஆள். எல்லாம் ஒரே ஆள்தான் என்று 20 ரூபாய்ப் பத்திரத்தில் எழுதி நோட்டரியிடம் கையெழுத்து வாங்கி அனுப்பியது மூன்று முறை திரும்பி வந்தது. மூன்றாவது முறை டைப் அடித்த தம்பி காசு வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

வீட்டில் நடந்தது வேறு. சாவு வீட்டில் உடலை எடுக்கிறவரை அடுப்பு மூட்டமாட்டோம். பக்கத்து வீடுகளிலிருந்து சோறு வரும். ஒரு நாள், இரண்டு நாள் சரி. 27 நாளைக்கு யார் கொடுப்பார்கள்? நான்காம் நாள் அம்மா கொல்லைப்புறத்தில் மூன்று கல்லை வைத்து உலை ஏற்றினாள். வீட்டுக்குள் அடுப்பு எரியவில்லை என்று கணக்கு. கருமாதியை எந்த நாளிலிருந்து எண்ணுவது என்று பெரியவர்களுக்குள் சண்டை. அக்கா கழுத்தில் தாலி இருந்தது. கழற்றச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை, போட்டிருப்பதைப் பார்க்கவும் முடியவில்லை. ஒருநாள் கோர்ட் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் புதிதாக வந்திருந்த பையன், "உங்க வீட்டுக்காரர் வரலையாக்கா, அவரும் கையெழுத்து போடணுமே" என்றான். தாலியைப் பார்த்துக் கேட்டிருக்கிறான். அக்கா பதில் சொல்லாமல் வாரிசுச் சான்றை எடுத்து அவன் முன்னால் வைத்தாள்.

இதையெல்லாம் அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. எனக்கு ஒரு கோபம் இருக்கிறது. உடல் வந்ததும் எல்லோரும் சொன்ன வார்த்தை "உதவி". அரசு உதவியது, அங்கே இருக்கும் நம் ஆட்களின் சங்கம் உதவியது, கம்பெனி உதவியது. சங்கத்துக்காரர்கள் செய்தது உதவிதான், அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். லீவு போட்டுவிட்டு, முகம்கூடப் பார்த்திராத ஒருவருக்காக ஆபீஸ் ஆபீஸாக அலைந்தார்கள். ஆனால் கஃபீல் செய்ய வேண்டியது உதவி இல்லை. சவூதி தொழிலாளர் சட்டத்தின் 40ஆவது பிரிவு, இறந்த தொழிலாளியின் உடலைத் தயார்செய்து ஊருக்கு அனுப்பும் செலவு முதலாளியுடையது என்கிறது. அவருக்கு விலக்கு உண்டு, குடும்பம் அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதித்தாலோ சமூகக் காப்பீடு அந்தச் செலவை ஏற்றாலோ. அமீரகச் சட்டமும் முதலாளியைத்தான் கைகாட்டுகிறது. முதலாளி கைவிட்டால், வசதியில்லாத குடும்பத்துக்காகத் தூதரகங்களில் 2009இலிருந்தே இந்திய சமூக நல நிதி என்று ஒன்று இருக்கிறது. இது எதுவுமே தெரியாமல் நாங்கள் முதல் வாரம் வட்டிக்குக் கடன் கேட்டு அலைந்தோம்.

இன்ஷூரன்ஸ் இல்லையா என்று கேட்பீர்கள். குடிபெயர்வு அனுமதி வாங்கிப் போகிறவர்கள் கட்டாயம் எடுக்க வேண்டிய பிரவாசி பாரதிய பீமா யோஜனா இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய் பிரீமியம், விபத்தில் இறந்தால் 10 லட்சம். தூக்கத்தில் நின்றுபோன இதயம் விபத்துக் கணக்கில் வராது.

2024 ஜூன் 12 அன்று குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர்கள் தங்கியிருந்த கட்டடத்தில் தீப்பிடித்தது. ஜூன் 14 காலை 45 இந்தியர்களின் உடல்களோடு விமானப்படை விமானம் கொச்சியில் இறங்கியது. அதில் ஏழு பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். இரண்டே நாள்! அதற்காக நான் பொறாமைப்படவில்லை, அந்தக் குடும்பங்களுக்கு அதுகூடச் செய்யாவிட்டால் எப்படி? ஆனால் மனசு வைத்தால் இந்தக் காகிதங்கள் எவ்வளவு வேகமாக நகரும் என்று அன்றைக்குத் தெரிந்துபோனது. ரூமில் தனியாகச் செத்த ஒருத்தருக்கு அந்த வேகத்தில் பாதியாவது கிடைக்கக் கூடாதா?

"அங்கேயே அடக்கம் பண்ணியிருக்கலாமே, எதுக்கு இவ்வளவு பாடு" என்று உறவிலேயே ஒருவர் கேட்டார். எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் பலர் அப்படித்தான் சம்மதிக்கிறார்கள். சீக்கிரம் நல்லடக்கம் செய்ய வேண்டும் என்பது அவர்கள் மார்க்கம், அது அவர்கள் முடிவு. எங்களுக்கு எரிக்கிற வழக்கம், சவூதியில் அதற்கு இடமில்லை. அப்படியே இருந்திருந்தாலும் முகத்தைப் பார்க்காமல் அக்கா நம்பியிருக்கமாட்டாள். 26ஆம் நாள்கூட ராத்திரி போன் அடித்தால் ஓடிவந்து எடுத்தாள்.

கொழும்பு வழியாகத் திருச்சிக்கு வந்தது. பயணிகள் வெளியே வரும் வாசலில் இல்லை, கார்கோ பக்கம். முன்னால் ஒருவர் மிளகாய்ப் பெட்டி அனுப்ப நின்றுகொண்டிருந்தார். சுகாதார அதிகாரி காகிதங்களைச் சரிபார்த்ததும் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ரசீதில் மொத்த எடை 121 கிலோ. அத்தான் 60 கிலோகூட இருக்கமாட்டார். மீதி பெட்டியும் அதற்குள் அடித்த தகரமும். அங்கிருந்து ஊர்வரை அயலகத் தமிழர் நலத்துறை ஏற்பாடு செய்த வண்டி, காசு வாங்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. முன்கூட்டியே தகவல் சொன்னால் செய்கிறார்கள், ஆனால் சொல்ல வேண்டும் என்பதே பலருக்குத் தெரியாது.

போன மாதம் எதிர்வீட்டுப் பையன் தம்மாம் போகிறேன் என்று அக்காவிடம் சொல்லிக்கொள்ள வந்தான். காப்பி போட்டுக் கொடுத்தாள். திருநீறு பூசிவிட்டாள். அப்புறம் அவன் பாஸ்போர்ட் ஜெராக்ஸ் ஒன்று கேட்டாள். எதுக்குக்கா என்றான். பதில் சொல்லவில்லை. ஆதாரையும் வாங்கிப் பக்கத்தில் வைத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டாள்.

"உங்க அப்பா பேரு இதுல எந்தப் பக்கம்டா இருக்கு?"