ஆள் கிடைக்கலையா சார்?

போன செப்டம்பர்ல மண்வெட்டியைத் தூக்கிக்கிட்டுக் கொல்லையில இறங்கின முதல் நாளே, பக்கத்து வீட்டுக்காரர் மதில் மேல தலையை நீட்டிக் கேட்ட கேள்வி இது. உடம்பு இளைக்கறதுக்காக நானே வெட்டறேன்னு சொன்னேன். ஒரு மாதிரி சிரிச்சார். "அதுக்கு ஜிம்முக்குப் போகலாமே சார்?"

போனேன். மூணு மாசத்துப் பணம் கட்டி, பதினொரு நாள் போனேன். அதுக்கு முன்னாடி வாக்கிங். தெருமுனை நாய்ங்க மூணு வாரத்துல அதுக்கும் முடிவு கட்டிருச்சு. வயசு 49, எடை 87, நாள் முழுக்க நாற்காலி உத்தியோகம், சர்க்கரை எல்லைக்கோட்டுல நிக்குது. டாக்டர் கோபமாக்கூட சொல்லலை, சலிப்பாத்தான் சொன்னார்: "எதையாவது செய்யுங்க, ஆனா தினமும் செய்யுங்க."

தஞ்சாவூருக்கு வெளியில வீடு. பின்னால ரெண்டு சென்ட் கொல்லை. ஒரு தென்னை, ரெண்டு வாழை, ஒரு முருங்கை, மிச்சமெல்லாம் கோரை. வருஷத்துக்கு ரெண்டு தடவை எண்ணூறு ரூபா கொடுத்து ஆள் விட்டு வெட்டுவோம். அதாவது, நான் வேர்வை சிந்த ஒரு இடத்துல காசு கட்டறேன், நான் சிந்தவேண்டிய வேர்வையை இன்னொருத்தர் சிந்த இன்னொரு காசு கொடுக்கறேன். பல வருஷமா இந்தக் கூத்து என் கண்ணுலயே படலை.

தோட்ட வேலை நிஜமாவே உடற்பயிற்சிதானான்னு கேக்கறவங்களுக்கு என் பதில்: எந்த வேலைங்கறதைப் பொறுத்தது. உழைப்பை அளக்க 'மெட்'னு ஒரு அலகு வெச்சிருக்காங்க. சும்மா உக்காந்திருந்தா 1. குழாயைப் பிடிச்சு நின்னபடி செடிக்குத் தண்ணி காட்டினா ஒண்ணரை. சும்மா நிக்கறதுக்கும் அதுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. களை பறிச்சா மூணரை, நாலு. ஓரளவு வேகமா நடக்கறதுக்குச் சமம். மண்ணை வெட்டிப் புரட்டினா அஞ்சு பக்கம். இந்த எண்ணை உடம்பு எடையால பெருக்கினா ஒரு மணி நேரத்துக்கு ஆகற கலோரி தோராயமாக் கிடைக்கும். 85 கிலோ ஆள் ஒரு மணி நேரம் களையெடுத்தா 340. அதுல 85 சும்மா உக்காந்திருந்தாலும் போயிருக்கும். மிச்சம் 255.

இந்த 255-ஐ மனசுல வெச்சுக்கோங்க. அதுக்கு எதிரி எங்கேயோ இல்லை, தெருமுனை டீக்கடையில இருக்கான். ரெண்டு மெதுவடை, சர்க்கரை போட்ட ஒரு டீ, கணக்கு நேர். முதல் மாசம் நான் செஞ்சது அதைத்தான். ஆறு மணிக்கு இறங்கி ஏழேகால் வரை வெட்டுவேன். வேர்த்துக் கொட்டும். 'இவ்வளவு உழைச்சிருக்கோமே'ன்னு ஒரு பெருமிதம் வரும் பாருங்க, அதுதான் ஆபத்து. அந்தப் பெருமிதத்துல நாலு இட்லி ஆறாகும், சாயங்காலம் வடை வரும். மாசக் கடைசியில எடை மெஷின்ல ஏறினா 87 அப்படியே நிக்குது, ஒரு முந்நூறு கிராம் கூடவே. வடையை நிறுத்தின மாசத்துலதான் முள் அசைஞ்சுது. தோட்டம் மட்டும் என்னை இளைக்க வைக்கலை. வடை இல்லாத தோட்டம் இளைக்க வெச்சுது.

இப்ப சங்கடமான விஷயத்துக்கு வர்றேன். ஒரு ஞாயித்துக்கிழமை ஈர்க்குமாறால கொல்லையைக் கூட்டி முடிச்சுட்டு, "இன்னிக்கு நல்ல எக்ஸர்சைஸ்"னு சொன்னேன். காய் நறுக்கிட்டிருந்த என் மனைவி தலையைத் தூக்காமலே சொன்னாங்க: "இருபது வருஷமா நான் கூட்டினப்போ அதுக்குப் பேரு வேலை. நீங்க கூட்டினா எக்ஸர்சைஸா?"

பதில் இல்லை என்கிட்ட. இன்னிவரைக்கும் இல்லை. நம்ம ஊர்ல கூட்டறது, குனியறது, குடம் தூக்கறது எல்லாம் பொம்பளைங்க வேலை. வெட்டறது, சுமக்கறது கூலி ஆள் வேலை. சட்டை போட்ட ஆம்பளை அதைச் செஞ்சா தெருவே நின்னு பாக்கும். "ஆள் கிடைக்கலையா"ங்கற கேள்விக்குள்ள இருக்கறது அக்கறை இல்லை, இது உன் வேலை இல்லையேங்கற அதிர்ச்சி. அதே மனுஷன் ஜிம்முல இரும்புத் தட்டைத் தூக்கி இறக்கினா கௌரவம். மண்ணைத் தூக்கினா கௌரவக் குறைச்சல். நம்ம தொப்பையில ஒரு பங்கு இந்தக் கௌரவம்தான்னு எனக்குத் தோணுது. யாருக்காவது கோபம் வந்தா வரட்டும்.

சரி, உடம்புக்கு என்ன ஆச்சுன்னு சொல்றேன். எங்க பக்கம் வண்டல் கலந்த களிமண். மழைக்காலத்துல மண்வெட்டியோட ஒட்டிக்கிட்டு வரும், சித்திரையில கடப்பாரை இல்லாம இறங்காது. முதல் வாரம் உள்ளங்கை பூரா கொப்புளம். அதைவிடக் கஷ்டம் குத்த வெச்சு உக்காரறது. வீட்டுல கழிப்பறை மாத்தினதுலேர்ந்து பத்து வருஷமா நான் குத்த வெச்சதே இல்லை. களையெடுக்க உக்காந்தா ரெண்டு நிமிஷத்துல தொடை நடுங்கி, தென்னையைப் பிடிச்சுத்தான் எழுந்தேன். இப்ப இருபது நிமிஷம் உக்காந்தபடியே நகர்ந்து நகர்ந்து பறிக்கிறேன். எடைக் குறைவை விட இதுதான் எனக்குப் பெரிய சந்தோஷம். மண்வெட்டியை இடது பக்கமும் மாத்திப் பிடிக்கக் கத்துக்கிட்டேன். ஒரே பக்கமா வெட்டினதுல முதுகு பிடிச்சு மூணு நாள் படுத்ததுக்கு அப்புறம் வந்த ஞானம்.

கோரையைப் பத்திச் சொல்லாம விட முடியாது. மேல புல்லைப் பறிச்சா அதுக்கு வலிக்கவே வலிக்காது. அடியில கிழங்கு இருக்கு. ஒரு கிழங்கு மிஞ்சினாலும் கொஞ்ச நாள்ல பச்சையா எட்டிப் பாக்கும். ஆள் விட்டு வெட்டினப்போ எனக்கு அதைப் பாத்தா எரிச்சல். இப்ப மழை விட்டதும் அது முளைச்சு நிக்கறதைப் பாத்தா, அப்பாடா, அடுத்த வாரத்துக்கு வேலை இருக்குன்னு தோணுது!

ஏன்னா வேலை தீர்ந்து போறதுதான் இதுல பெரிய சிக்கல். ஐப்பசி, கார்த்திகையில கை ஓயாது. பங்குனியில ரெண்டு சென்ட்ல என்ன வெட்டுவீங்க? ரப்பர் குழாயைச் சுருட்டி மாட்டிட்டேன். ரெண்டு கையிலயும் பத்து லிட்டர் வாளி, தொட்டியிலேர்ந்து வாழைக்கு, திரும்ப முருங்கைக்கு, ஒரு காலையில பன்னெண்டு நடை. வாரத்துக்கு 150 நிமிஷத்துலேர்ந்து 300 நிமிஷம் வரை மிதமான உழைப்பு, அதோட ரெண்டு நாளாவது தசைகளுக்கு வேலைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றதுல, அந்த ரெண்டாவது பாதியை வாளிதான் பாத்துக்குது. மாடியில நாலு தொட்டி வெச்சுப் பூவாளியால தண்ணி தெளிக்கறவங்க மன்னிக்கணும். அது மனசுக்கு நல்லது. தொப்பைக்கு அது தெரியவே தெரியாது.

சர்க்கரை இருக்கறவங்க வெறுங்காலோட இறங்காதீங்க. கால் மரத்திருந்தா முள் குத்தினதுகூடத் தெரியாது. பார்த்தீனியத்தை வெறுங்கையால பிடுங்காதீங்க, அரிப்புல செத்துப் போவீங்க. சருகுக் குவியலைக் கையால அள்ளாதீங்க, முதல்ல குச்சியால கிளறுங்க. கண்ணாடி விரியன் சருகு நிறத்துலயேதான் இருக்கும். வெயில் ஏறினதும் வெளியில வந்துடுங்க.

ஒன்பது மாசம். 87 இப்ப 81. மாசத்துக்கு 22 நாள், நாளுக்கு 250 கலோரி, ஒரு கிலோ கொழுப்புக்கு 7,700-னு கணக்குப் போட்டா மாசம் முக்கால் கிலோகூட வராது. அதேதான் நடந்திருக்கு. 'ஒரே மாசத்தில் பத்து கிலோ' விளம்பரம் பாக்கறவங்களுக்கு இது சிரிப்பா இருக்கும். பெல்ட்டுல புதுசா ரெண்டு ஓட்டை போட்ட செருப்புத் தைக்கிறவர் மட்டும் சிரிக்கலை.

நேத்திக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மறுபடியும் மதில் மேல வந்தார். கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, "என் கொல்லையிலயும் கோரை மண்டிக் கிடக்கு சார்"னார்.

"நாள் கூலி எண்ணூறு. டீ தனி"ன்னேன்.

"சர்க்கரை?"

"வேணாம்."

தலை மதிலுக்கு அந்தப் பக்கம் இறங்கிருச்சு. கொஞ்ச நேரத்துல அங்கேர்ந்து கடப்பாரையைத் தரையில இழுக்கற சத்தம் கேட்டுச்சு.