அந்த மெட்டு பாக் போட்டது இல்லை, அண்ணாச்சி

பாளையங்கோட்டையில் நம்ம கொயர் பாடிய அந்த ஜெர்மானிய நம்பிக்கைப் பாட்டு, ஆண்டவர் கையில் தன்னை விட்டுவிடுகிறவனைப் பற்றியது. அதை 'பாக் எழுதி மெட்டுப் போட்டது' என்று, ஜெர்மானிய இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக்கைச் சொல்லியிருக்கிறீர்கள். அது சரியில்லை, அண்ணாச்சி. பாட்டும் மெட்டும் கேயோர்க் நாய்மார்க் என்ற ஜெர்மானியக் கவிஞருடையவை. அவர் இறந்தது 1681. பாக் பிறந்ததே 1685.

இதை எழுதியபோது நாய்மார்க்குக்கு இருபது வயதுதான். ஐரோப்பாவில் முப்பதாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம். படிக்கப் போகிற வழியில் கொள்ளைக்காரர்கள் கையிலிருந்ததை எல்லாம் பறித்துவிட்டார்கள். ஊர் ஊராக வேலை கேட்டு அலைந்து, கடைசியில் வட ஜெர்மனியின் கீல் நகரில் ஒரு வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் வேலை கிடைத்தது. அந்த நன்றியில் 1641இல் எழுதியது இது. அச்சில் வந்தது 1657இல். இதைத் தெரிந்துகொண்டு பாடினால் டெனர் (ஆண்களின் மேல்குரல்) வரியில் நிற்கும் எனக்கே தொண்டை அடைக்கிறது.

பாக் செய்தது வேறு, அதுவும் பெரிய காரியம். 1724இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் இந்தப் பாட்டை வைத்து ஒரு கன்டாட்டா (பாடகர்களும் வாத்தியங்களும் சேர்ந்து இசைக்கும் பல பகுதிப் படைப்பு) அமைத்தார். நடுவில் சொப்ரானோ, ஆல்டோ என்ற இரண்டு மேல்குரல்களும் பாட, மெட்டை வயலின்களும் வயோலாக்களும் வாசிக்கும். அந்த இடத்தை ஒருமுறை கேளுங்கள்.

'நமக்கென்று நம்பிக்கைப் பாட்டே கிடையாது, எல்லாம் வெள்ளைக்காரன் கொடுத்தது' என்றதையும் ஒப்ப முடியாது. 1774இல் திருநெல்வேலியில் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் ராகம், தாளத்தோடு தமிழிலேயே எழுதிய கீர்த்தனைகளைத்தானே ஞாயிறுதோறும் பாடுகிறோம்?