ஜெர்மனியிலும் கட்டணம் உண்டு
ஜெர்மன் மேற்படிப்பு குறித்த உங்கள் கட்டுரையில், அந்நாட்டின் அரசுப் பல்கலைக்கழகங்களில் முதுநிலைப் பொறியியலுக்குக் கட்டணமே கிடையாது என்று கட்டுரையாளர் பொத்தாம்பொதுவாக எழுதியிருப்பதை ஏற்க இயலவில்லை. பாடன் வுர்ட்டம்பர்க் மாநிலம் 2017 முதலே ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து அத்தகைய மாணவர்களிடம் பெரும்பாலான முதுநிலைப் படிப்புகளுக்குப் பருவத்துக்கு 4,000 அல்லது 6,000 யூரோ கேட்கிறது. பாடன் வுர்ட்டம்பர்க்கின் ஸ்டுட்கார்ட் நகரில் இயந்திரப் பொறியியல் படிக்கச் சென்ற என் அக்காள் மகனுக்காகத் சிங்கப்பூர் தெம்பனிஸ் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கணக்குப் போட்ட இரவில் எங்களைத் திகைக்க வைத்தது அந்த 1,500 அல்ல, விசா கிடைக்கும் முன்பே முடக்கக் கணக்கில், அதாவது மாணவரின் வாழ்க்கைச் செலவுக்கான பணத்தை முன்கூட்டியே போட்டுவைக்கும் வங்கிக் கணக்கில், மொத்தமாகச் செலுத்த வேண்டியிருந்த 11,904 யூரோதான். நம் பணமே என்றாலும் அதிலிருந்து மாதம் 992 யூரோவுக்கு மேல் எடுக்க முடியாது என்பதால், அறைக்கு முன்பணம் கட்ட அவன் முதல் மாதமே அம்மாவிடம் கைநீட்ட வேண்டியதாயிற்று. இந்தச் செலவுக்குச் சிங்கப்பூர் ஊழியர்களின் கட்டாயச் சேமிப்பான மத்திய சேமநிதியிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்று முன்னர் ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். படிப்புக்குப் பணம் எடுக்க உதவும் சேமநிதியின் கல்வித் திட்டம் அங்கீகரிக்கப்பட்ட உள்ளூர்க் கல்வி நிலையங்களுக்கு மட்டுமே உரியது, வெளிநாட்டுப் படிப்புக்குச் செல்லாது. பகுதிநேர வேலைக்கு ஆண்டுக்கு 140 முழு நாள் அனுமதி உண்டு என்பது உண்மைதான். ஆயினும் ஜெர்மன் மொழி சரளமாக வராத அவனுக்கு முதல் பருவத்தில் கிடைத்தது, பொறியியலோடு எவ்விதத் தொடர்பும் இல்லாமல், கிடங்கொன்றில் பெட்டி அடுக்கும் வேலை.