துருவ லைக்கன்: கண்டங்கள் பிரிந்த கதை இங்கே பொருந்தாது

டர்பன் தமிழர்களின் வாட்ஸப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "இரு துருவங்களிலும் ஒரே லைக்கன் இருக்கிறது, கண்டங்கள் ஒட்டியிருந்தபோதே பரவியது."

முதல் பாதி சரி. மற்றது தவறு.

நம் பிரியாணியில் போடும் கல்பாசியும் லைக்கன்தான். பூஞ்சையும் ஆல்காவும் சேர்ந்து நடத்தும் குடித்தனம். இரு துருவப் பகுதிகளிலும் வளரும் செட்ரேரியா அக்குலியேட்டா என்ற லைக்கன், பழுப்பு நிறத்தில் குட்டி முட்புதர் மாதிரி இருக்கும். வடக்கே தோன்றிய அது, கடந்த 26 லட்சம் ஆண்டுகளுக்குள், பனியுகக் காலத்தில்தான் தெற்கே பரவியது என்று மரபணு ஆய்வு காட்டுகிறது. கண்டங்கள் பிரியத் தொடங்கியதோ சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன். கணக்கு உதைக்கிறதே!

அப்புறம், அண்டார்டிகாவில் அதன் மரபணு வேறுபாடும் குறைவு; சிலவே வந்து பெருகியதன் அடையாளம் அது. ஒடிந்த துண்டிலிருந்தே வளரக்கூடிய இனம் இது. சில துண்டுகள் வந்து ஒட்டியிருந்தாலே போதும்.