பரந்தன் பக்கம் பரப்பு என்ன விலை?

மூன்று ஞாயிற்றுக்கிழமையாக மருமகளுக்கு, என் தங்கச்சியின் மகளுக்கு, காணி பார்த்துத் திரிகிறேன். வெயிலில் அலைந்த எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன். வெளிநாட்டில் இருக்கிற நண்பர்கள் யாருக்காவது சுட்டால் கீழே வந்து ஏசுங்கள், கோபிக்க மாட்டேன்.

மருமகள் கிளிநொச்சியில் படிப்பிக்கிறாள். புருசனுக்கு யாழ்ப்பாண ரவுணில் வேலை. கொக்குவிலில் வாடகைக்கு இருக்கிறார்கள். இருட்டோடு வெளிக்கிட்டு பஸ் பிடித்தால் ஆனையிறவு தாண்டும்போதுதான் அவளுக்கு விடிகிறது. பின்னேரம் அதே வழியால் திரும்பிப் போவாள். கொப்பி திருத்துவது பஸ்ஸில், நித்திரை பஸ்ஸில், பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று ஃபோனில் கேட்பதும் பஸ்ஸில். வேலை வன்னியில், குடித்தனம் யாழ்ப்பாணத்தில் என்று ஏ9 வீதியில் இப்படி ஓடுகிற ஆசிரியர்கள், கச்சேரி (மாவட்டச் செயலகம்) ஆட்கள், நேர்ஸ்மார் ஒரு பஸ், இரண்டு பஸ் இல்லை.

கிளிநொச்சிக்குப் பக்கத்துப் பரந்தனில் இரண்டு பரப்பு (பரப்பு ஒன்று பத்துப் பேர்ச், ஏறக்குறைய 2,700 சதுர அடி) வாங்கி ஒரு சின்ன வீடு போட்டால் அவளுக்குப் பத்து நிமிடப் பயணம். அவன் ரயிலிலோ பஸ்ஸிலோ போய்வரலாம். நல்ல கணக்குத்தான். அந்தக் கணக்கை எங்களுக்கு முன்னமே ஊரெல்லாம் போட்டு முடித்துவிட்டது. 2013 செப்ரெம்பரில் ரயில் கிளிநொச்சிக்கு வந்தது, அடுத்த வருசம் ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் வந்தன. பாதை தார் போட்டுக் காபெற் ஆனது. இவ்வளவும் வந்தால் காணி விலை ஏறும், அதில் அதிசயம் இல்லை. எனக்குப் பிடிபடாதது வேறு. இந்த விலையை வைப்பது யார்? இங்கே வந்து இருக்கப்போகிற ஆளா?

போன கிழமை பார்த்த காணியைச் சொல்கிறேன். முகநூலில் கண்ட விளம்பரம்தான். "பிரதான வீதிக்கு மிக அருகில், நன்னீர்க் கிணறு, அமைதியான சூழல், வெளிநாட்டு உறவுகளுக்கு ஏற்றது." மிக அருகில் என்றால், பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவு வீதியால் முரசுமோட்டைப் பக்கம் போய், ஒரு ஒழுங்கையால் இறங்கி, கடைசித் துண்டுக்கு மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடப்பது. புரோக்கர் நல்ல பொடியன், முகம் சுளிக்காமல் கூடவே தள்ளினான். காலால் எட்டு வைத்து அளந்து காட்டினான். அவன் காலடியில் முப்பது வந்த பக்கம் என் காலடியில் இருபத்துநாலு. நான் ஒன்றும் சொல்லவில்லை.

கிணற்றில் வாளி விட்டு ஒரு கை அள்ளி வாயில் விட்டேன். உப்புச் சவர்.

"மாரியில நல்லா இருக்கும் சேர்" என்றான். மாரியில் களப்புத் தண்ணீர்கூடக் கொஞ்சம் நல்லாய்த்தான் இருக்கும்.

காலுக்குக் கீழே புதுக் கிரவல். கரையில் இன்னும் வரம்பு மிச்சம் கிடந்தது. வயலை நிரவி வீட்டுக்காணி ஆக்கியிருக்கிறார்கள். வயலில் மண் கொட்ட 2000 ஆம் ஆண்டுக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி எழுத்தில் அனுமதி வேண்டும். கேட்டேன். "அதெல்லாம் எடுத்தாச்சு சேர், கடிதம் வீட்டில கிடக்கு."

பக்கத்து வளவில் ஒரு அம்மா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டு நின்றார். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று, "அம்மா, 2018 மார்கழி வெள்ளம் இதில வந்ததோ?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் கையால் வரச்சொல்லிக் கூப்பிட்டார். குசினிச் சுவரில் இடுப்பளவில் ஒரு கோடு. கோட்டுக்கு மேலே சுண்ணாம்பு வெள்ளை, கீழே தேத்தண்ணி நிறம். இரண்டு தரம் வெள்ளை அடித்தும் போகவில்லையாம். "இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்த ராத்திரி, தம்பி. ஆட்டுக்குட்டி ரெண்டு வெள்ளத்தோட போயிட்டுது. உந்தப் பொடியன்ர வீட்டுக்காரரும் எங்களோட பள்ளிக்கூடத்திலதான் கிடந்தவை." பொடியன் ஃபோனில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டு நின்றான்.

விலை, பரப்பு 18 இலட்சம். பேசினால் 17 க்கு வரும்.

2012 இல் இந்திய வீட்டுத்திட்டம் தொடங்கியபோது ஒரு வீட்டுக்குக் கொடுத்தது 5.5 இலட்சம் ரூபாய். 550 சதுர அடி. போர் முடிய அடைத்துவைத்த மெனிக் பாம் முகாமிலிருந்து வந்து தறப்பாளுக்குக் கீழே கிடந்த சனம் அந்தக் காசோடு தாலிக்கொடியையும் அடகு வைத்து, சுற்றிவரக் கடனும் பட்டுத்தான் சுவரை எழுப்பியது. அதே 5.5 இலட்சத்துக்கு இன்றைக்கு இந்த வெள்ளக்காணியில் 3 பேர்ச் வரும். அந்த வீட்டை வைக்கலாம். கிணற்றுக்கும் மலசலகூடத்துக்கும் இடம் மிஞ்சாது.

2022 இல் ரூபாய் விழுந்ததை எல்லாரும் மறந்துவிட்டமாதிரிப் பேசுகிறோம். அந்த வருசத் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய், மே மாதம் 360. சீமெந்துப் பை விலை எகிறி, பாதி எழும்பிய வீடுகள் அப்படியே நின்றன. எங்கள் சம்பளம் நின்ற இடத்தில் நின்றது. ஆனால் லண்டனில் இருந்து பார்க்கிறவருக்கு அதே காணி திடீரென்று கிட்டத்தட்டப் பாதி விலைக்கு வந்துவிட்டது. விற்கிறவர் விடுவாரா? விலையைப் பவுணில் நினைத்து ரூபாயில் சொல்லப் பழகிவிட்டார். நாங்கள் ரூபாயில் நினைத்து ரூபாயில் கொடுக்கவேண்டிய ஆட்கள்.

"விலை ஏறினால் உங்கட காணியும்தானே ஏறுது" என்று ஒரு நண்பர் சொன்னார். என் வளவு கோடி பெறட்டும், எனக்கென்ன? நான் அதில் இருக்கிறேன். விற்றால் எங்கே போய் இருப்பது? ரோட்டுக்கரையை விற்றவன் உள்ளுக்குப் போகிறான், உள்ளுக்கு இருந்தவன் காட்டுக்கரைக்குப் போகிறான், அங்கே வன இலாகாவின் எல்லைக்கல் நிற்கிறது.

சரி, பெர்மிட் காணிக் கதைக்கு, அதாவது அரசு அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த காணியின் கதைக்கு, வருவோம். எங்கள் ஐயா ஐம்பதுகளில் தீவுப்பக்கம் இருந்து வட்டக்கச்சிக் குடியேற்றத்துக்கு வந்து காடு வெட்டியவர். 1935 ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கிடைத்த பெர்மிட். அதை நினைத்தபடி துண்டாட ஏலாது. பின்னுரித்தாளர் ஒருவரை எழுதிவைக்க வேண்டும். எழுதாமல் செத்தால் சட்டத்தின் அட்டவணைப்படி போகும். ஆண்பிள்ளையை முன்னுக்கு வைத்த அந்த அட்டவணையை 2022 இல்தான் திருத்தினார்கள். ஐயாவின் காணி அதற்கு வெகுமுன்னமே பெரியண்ணருக்குப் போய்விட்டது. தங்கச்சிக்கு ஒன்றும் இல்லை. அந்தத் தங்கச்சியின் மகள்தான் இப்போது அம்மப்பா காடு வெட்டின ஊருக்குப் பக்கத்தில் பரப்பு விலை கேட்டுத் திரிகிறாள்.

இப்படிப்பட்ட காணிகளைப் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது என்பது வாங்குகிறவருக்கும் தெரியும், விற்கிறவருக்கும் தெரியும். இருந்தும் கைமாறுகிறது. ஒரு தாள், ஒரு முத்திரை, இரண்டு சாட்சி. "பத்து வருசம் இருந்தால் சொந்தம்" என்று ஒரு புரோக்கர் எனக்கே சட்டம் படிப்பித்தான். தனியார் காணியில் அந்தப் பேச்சு எடுபடலாம். அரச காணியில் பத்து வருசம் என்ன, முப்பது வருசம் இருந்தாலும் அந்த வழியால் உரிமை வராது. தாளுக்குக் காசு கொடுத்தவர் பிறகு மதில் கட்டுவார், குழாய்க் கிணறு அடிப்பார். ஒருநாள் பெர்மிட்காரரின் பிள்ளை வந்து கேற்றில் தட்டும். அந்தப் பிள்ளையில் பிழை சொல்லவும் எனக்கு வாய் வராது.

உறுதிக் காணியிலும், அதாவது உறுதிப்பத்திரம் உள்ள தனியார் காணியிலும், சில்லெடுப்பு உண்டு. வெளிநாட்டுக் குடியுரிமை மட்டும் உள்ளவர்கள் இங்கே காணி வாங்குவதை 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. இரட்டைக் குடியுரிமை எடுத்தவர்களுக்குத் தடை இல்லை. மற்றவர்கள் தங்கச்சி பேரில் எழுதுகிறார்கள், மச்சான் பேரில் எழுதுகிறார்கள். முதல் இரண்டு வருசம் பாசம். பிறகு வட்ஸ்அப் குரூப்பில் இருந்து ஒவ்வொருவராக வெளியேறுவார்கள்.

எங்கள் ஒழுங்கையில் பதினொரு வீடு. நாலு பூட்டு. பூட்டிக் கிடக்கிற நாலும்தான் வடிவான வீடுகள்: மாபிள் தரை, ஆளுயர மதில், சிங்கம் வைத்த கேற். ஒன்றுக்குக் காவல் இருக்கிற குடும்பம் பின்பக்கம் தகரக் கொட்டிலில் இருக்கிறது. பின்னேரம் ஆறு மணிக்கு அந்த வீட்டுப் பெண்பிள்ளை உள்ளே போய் முன் விறாந்தை லைற்றைப் போட்டுவிட்டு, வெளியே வந்து கொட்டிலில் குப்பி விளக்கடியில் படிக்கிறாள். கரண்ட் பில் கூடக்கூடாதாம். வீட்டுக்காரர் ஆடி, ஆவணியில் வருவார்கள், நல்லூர்த் திருவிழா முடியப் போவார்கள். வைகாசியில் அவர்களுடைய கறுத்தக்கொழும்பான் மாமரம் முழுக்க நிலத்தில் கொட்டும், ஒழுங்கையெல்லாம் புளிச்ச மணம்.

இதை எழுதும்போது என் தலைக்கு மேலே இருக்கிற ஓடு கனடாவில் இருக்கிற சின்னண்ணரின் காசு. அதை மறைக்கவில்லை. அவர் அனுப்பாமல் விட்டிருந்தால் நானும் அரைச்சுவரோடுதான் நின்றிருப்பேன். ஆகவே காசு அனுப்பாதே, காணி வாங்காதே என்று சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, விருப்பமும் இல்லை. நான் கேட்பது, வாங்குகிறவர்கள் ஒருதரம் வந்து கிணற்றுத் தண்ணியைக் குடித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். பூட்டிவைக்கிற வீட்டில் இரண்டு அறையையாவது ஒரு ரீச்சருக்கோ நேர்ஸுக்கோ வாடகைக்கு விடுங்கள். வாடகைக்கு விட்டால் எழும்ப மாட்டார்கள் என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயம் நியாயமானதுதான், அப்படிப் பட்டவர்களும் இருக்கிறார்கள். எழுத்தில் ஒப்பந்தம் போட்டு, உறவுக்காரர் ஒருவரைச் சாட்சிக்கு வைத்து விடுங்கள். பூட்டின வீட்டைக் கறையான் தின்னும்போது எந்த ஒப்பந்தமும் காப்பாற்றாது.

நேற்று இரவு புரோக்கர் பொடியன் ஃபோன் எடுத்தான். "சேர், அந்தக் காணி முடிஞ்சுது."

"ஆர் எடுத்தது?"

"லண்டன் ஆள். வீடியோவில பாத்தவர், பிடிச்சுப் போட்டுது."

"தம்பி, அந்த அம்மான்ர குசினிச் சுவரும் வீடியோவில வந்ததோ?"

கொஞ்சநேரம் பேச்சில்லை. பிறகு, "வட்டக்கச்சிப் பக்கம் ஒண்டு இருக்கு சேர், மேட்டுக்காணி, நல்ல தண்ணி" என்றான். வருகிற ஞாயிறு போகிறோம். மருமகளும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள், தண்ணி அள்ள ஒரு போத்தலும் கொண்டுவருவாளாம்.