123 மீட்டர் கோபுரமும் ஃபிஷர்டன் கிழவியும்

நேற்று ராத்திரி எங்கள் பள்ளி நண்பர்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. ரஷ்ய அரசின் ஆர்டி சேனலில் இருந்து வெட்டிய ஒன்றரை நிமிடத் துண்டு. அனுப்பியவன் கீழே எழுதியிருந்தான்: "ரஷ்யா மேல வெள்ளைக்காரன் நடத்துறது வெறும் சூனியக்காரி வேட்டைடா." பத்துப் பேர் கட்டை விரலைத் தூக்கியிருந்தார்கள். நான் பதில் டைப் பண்ணினேன், அழித்தேன், மறுபடி டைப் பண்ணி மறுபடி அழித்தேன். முப்பது வருட சிநேகிதம். குழுவில் சண்டை போட்டால் அடுத்த தடவை ஊருக்குப் போகும்போது ஏர்போர்ட்டுக்கு யார் வருவார்கள்? அதனால் இங்கே கொட்டுகிறேன். விஷயம் சால்ஸ்பரி என்ற ஊரில் நடந்த இரண்டு கதைகள்: 1653-ல் சூனியக்காரி என்று தூக்கில் போடப்பட்ட ஒரு கிழவி, 2018-ல் ரஷ்யா மேல் பழி விழுந்த விஷத் தாக்குதல். பதிவு நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் இருப்பது சவுத்தாம்டனில். சால்ஸ்பரி ரயிலில் கிட்டத்தட்ட அரை மணி. ஊரிலிருந்து யார் வந்தாலும் ஸ்டோன்ஹெஞ்ச் என்ற பழங்காலக் கல் வட்டத்தைப் பார்க்கணும் என்பார்கள், அதற்கு இறங்க வேண்டிய ஸ்டேஷன் சால்ஸ்பரி. அதனாலேயே ஏழெட்டுத் தடவை போயிருக்கிறேன். ஸ்டேஷனிலிருந்து ஊருக்குள் நடக்கிற தெருவுக்கு ஃபிஷர்டன் என்று பெயர். கபாப் கடை, முடிவெட்டும் கடை, பழைய துணி விற்கிற தர்மக் கடை என்று சாதாரணமான தெரு. ஒரு காலத்தில் இந்தப் பக்கம் சால்ஸ்பரிக்கு வெளியே இருந்த தனி ஊர். ஃபிஷர்டன் ஆங்கர் என்பார்கள்.

1653-ல் அங்கே ஆன் போடனம் என்று ஒரு கிழவி இருந்தார். வயது எண்பது இருக்கும் என்கிறார்கள். ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கச் சொல்லிக்கொடுப்பார். கூடவே கைவைத்தியம், குறி சொல்வது, காணாமல் போன சாமான் எங்கே இருக்கிறது என்று கண்ணாடியில் பார்த்துச் சொல்வது. நம் ஊரில் மை போட்டுப் பார்ப்பார்களே, ஏறக்குறைய அதேதான். முன்னே லண்டனில் டாக்டர் லாம் என்ற பேர்போன மந்திரவாதியிடம் வேலை பார்த்தேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வாராம். அந்த லாமை 1628-ல் லண்டனில் ஒரு கும்பல் தெருவிலேயே அடித்துக் கொன்றுவிட்டது. அவர் பெயரைச் சொல்லித் தொழில் பண்ணுவது நல்லதில்லை என்று கிழவிக்கு யாராவது சொல்லியிருக்கலாம்.

ஊரில் கோடார்டு என்று வசதியான ஒரு குடும்பம். அந்த வீட்டு வேலைக்காரப் பெண் ஆன் ஸ்டைல்ஸ். வெள்ளிக் கரண்டி ஒன்று காணாமல் போனபோது கிழவியிடம் போய் விசாரித்தவள். அப்புறம் வீட்டு எஜமானிக்குத் தனக்கு யாரோ விஷம் வைக்கப் பார்க்கிறார்கள் என்று சந்தேகம் வந்தது. அதற்கும் தூது போனது இதே பெண்தான். போய்வந்த நடையில் எப்போதோ கடையில் பாஷாணம் வாங்கியிருக்கிறாள். வாங்கியது அந்த வீட்டுப் பெண்பிள்ளைகள்தான் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. அவர்கள் தங்கள் பெயரைக் காப்பாற்றிக்கொள்ள விசாரிக்கப் போக, இவள் லண்டன் பக்கம் ஓடினாள். வழியிலேயே பிடித்துவிட்டார்கள். பிடிபட்டதும் எல்லாவற்றையும் கிழவி தலையில் இறக்கினாள். தரையில் வட்டம் போட்டாள், பேய்கள் பையன்கள் உருவத்தில் வந்தன, என் ரத்தத்தைத் தொட்டு சாத்தானின் புத்தகத்தில் கையெழுத்து வாங்கினாள் என்றாள். கூடவே வலிப்பு வேறு, ஊரே வந்து பார்க்கிற மாதிரி. பாஷாணம் வாங்கிய கை ஒன்று, தூக்குக் கயிறு விழுந்த கழுத்து வேறு.

உடம்பைச் சோதித்தபோது காம்பு மாதிரி ஏதோ இருந்ததாம், அது பிசாசு பால் குடிக்கிற இடமாம். எண்பது வயது உடம்பில் மருவும் மச்சமும் இல்லாமலா இருக்கும்? கிழவி கடைசி வரை ஒப்புக்கொள்ளவில்லை. தூக்கில் போட்டார்கள். (சினிமாவில் காட்டுகிற மாதிரி இங்கிலாந்தில் சூனியக்காரிகளை எரிப்பதில்லை. சட்டப்படி தூக்குதான்.) போகிற வழியெல்லாம் குடிக்கக் கேட்டாராம். தூக்குப்போடுகிறவன் வழக்கப்படி மன்னிப்புக் கேட்டதற்கு, "உன்னை மன்னிக்கவா? நாசமாய்ப் போ, தள்ளிவிடு" என்றாராம். அதோடு சரி.

இதெல்லாம் நமக்கு எப்படித் தெரியும்? எட்மண்ட் பவர் என்று ஒருவர் அதே வருஷம் அச்சடித்து விற்ற சிறு நூலில் இருந்து. அவர் சிறைக்குப் போய்க் கிழவியை ஒப்புக்கொள்ள வைக்கப் படாத பாடு பட்டவர், முடியாத கோபத்தோடு எழுதியவர். போடனம் பேசியதாக நாம் படிக்கிற எல்லாமே அவரைத் தூக்கில் பார்க்க விரும்பிய ஒரு மனிதரின் வாய் வழியே வந்தவை.

ஒரே ஒரு சின்ன ஜன்னல் வேறு பக்கம் திறக்கிறது. சால்ஸ்பரி இருக்கிற வில்ட்ஷயர் மாவட்டத்துக்காரரான ஜான் ஆப்ரி ஊர்க் கதை, கல்லறை, செடிகொடி என்று கண்ணில் பட்டதையெல்லாம் குறித்துவைத்த மனிதர். ஊருக்கு ஊர் அப்படி ஒருத்தர் வேண்டும். இந்த வழக்கை நேரில் பார்த்த ஆண்டனி எட்ரிக் என்ற வழக்கறிஞருக்குத் தீர்ப்பில் திருப்தியில்லை என்று ஆப்ரி எழுதிவைத்திருக்கிறார். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் போட்ட இரைச்சலில் நீதிபதிக்குக் கைதி பேசுவது கேட்கவில்லை, கைதிக்கு நீதிபதி பேசுவது கேட்கவில்லை. நடுவில் சாண்ட்லர் என்று ஒருவர் நின்று இவர் சொன்னதை அவரிடமும் அவர் சொன்னதை இவரிடமும் சேர்த்தாராம். சில சமயம் சரியாகச் சேர்க்கவில்லையாம்.

முதல் தடவை இதைப் படித்தபோது மொபைலைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஓர் உயிர் போகிற வழக்கு. காது கேட்கவில்லை.

இப்போது 2018-க்கு வருகிறேன். மார்ச் 4, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்துக்கு உளவு சொன்ன முன்னாள் ரஷ்ய ராணுவ உளவாளி செர்கேய் ஸ்க்ரிபாலும் அவர் மகளும் சால்ஸ்பரி கடைவீதிப் பக்கம் ஒரு பெஞ்சில் நினைவிழந்து கிடந்தார்கள். வீட்டுக் கதவுக் கைப்பிடியில் நோவிசோக் என்ற நரம்பு விஷத்தைத் தடவியிருந்தார்கள். இருவரும் பிழைத்தார்கள். செப்டம்பரில் பெட்ரோவ், போஷிரோவ் என்ற பெயரில் வந்துபோன இருவர் மேல் பிரிட்டன் வழக்குப் பதிந்தது. புதின், அவர்கள் சாதாரணக் குடிமக்கள், குற்றம் எதுவும் இல்லை, அவர்களே வந்து பேசினால் நல்லது என்றார். மறுநாளே ஆர்டியின் தலைமை ஆசிரியர் மார்கரீட்டா சிமொன்யான் முன்னால் இருவரும் வந்து உட்கார்ந்தார்கள்.

அந்தப் பேட்டியைப் பார்க்காதவர்கள் ஒருமுறை பார்க்கலாம். சால்ஸ்பரிக்குப் போ போ என்று நண்பர்கள் ரொம்ப நாளாகச் சொன்னார்களாம். அங்கே ஐரோப்பாவில் மட்டுமில்லை, உலகத்திலேயே பேர்போன கதீட்ரல், அதாவது பெரிய தேவாலயம், இருக்கிறதாம், 123 மீட்டர் கோபுரமாம், உலகின் முதல் கடிகாரமாம், இன்னும் ஓடுகிறதாம். முதல் நாள் சனிக்கிழமை வந்தார்கள், பனி உருகிச் சகதியாய் இருந்ததால் திரும்பிப் போய்விட்டு ஞாயிறு மறுபடி வந்தார்கள். மாஸ்கோவிலிருந்து வந்த இரண்டு தடியன்கள், பனிக்குப் பயந்து.

கோபுரம் 123 மீட்டர்தான், பொய்யில்லை. பிரிட்டனிலேயே உயரமான தேவாலயக் கோபுரம். கடிகாரம் 1386-ல் செய்தது என்கிறார்கள். போய்ப் பார்த்தால் முகமே கிடையாது, முள்ளும் கிடையாது, இரும்புச் சக்கரங்களின் கூடு மட்டும். மணி அடிக்க மட்டும்தான் தெரியும். கோபுரம் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது, 1668-லேயே கிறிஸ்டோபர் ரென் என்ற கட்டடக் கலைஞர் அதை அளந்து பார்த்தார். உள்ளே தரையில் அதற்கு ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள். என் சித்தப்பா அதன்மேல் நின்று அண்ணாந்து பார்த்தே கழுத்தைப் பிடித்துக்கொண்டார். அந்த இருவரில் ஒருவர் இந்தச் சாய்வைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான்கூட அரை மனதாக நம்பியிருப்பேன்.

போலீஸ் வெளியிட்ட கேமரா படங்களில் நேரம் அச்சாகியிருக்கிறது. ஞாயிறு காலை 11:48-க்கு ஸ்டேஷனில் இறங்குகிறார்கள். 11:58-க்கு வில்ட்டன் ரோட்டில் நடக்கிறார்கள். அது ஸ்க்ரிபால் வீட்டுப் பக்கம், கதீட்ரலுக்கு முதுகைக் காட்டிப் போகிற வழி. 13:05-க்கு இருவரும் சிரித்த முகமாக வருகிற படம் ஒன்று, இடம் ஃபிஷர்டன். நம் கிழவி இருந்த அதே ஃபிஷர்டன். சில வாரங்களில் பெல்லிங்கேட் என்ற இணையப் புலனாய்வுக் குழுவினர் உண்மைப் பெயரைக் கண்டுபிடித்துப் போட்டார்கள்: சேபிகா, மிஷ்கின். இருவரும் ரஷ்ய ராணுவ உளவுத்துறை ஆட்கள்.

சரி, என் நண்பன் சொன்ன சூனியக்காரி வேட்டைக்கு வருகிறேன். குற்றம் சாட்டப்பட்டால் போதும், ஆளாளுக்கு அந்த வார்த்தையைத் தூக்கிக்கொள்கிறார்கள். டிரம்ப் சொல்லாத நாளில்லை. டேய், சூனியக்காரி என்று தூக்கில் தொங்கியவருக்கு ஒரு வாய் இல்லை. பக்கத்தில் நின்ற சாண்ட்லர்தான் வாய், செத்த பிறகு எட்மண்ட் பவர்தான் வாய். இவர்களுக்கோ ஒரு நாட்டின் அதிபர் சாட்சி, ஒரு டிவி சேனல் முழுவதும் வாய். 2005-லிருந்து அரசுப் பணத்தில் ஓடுகிற சேனல், பல மொழிகளில் பேசுகிறது. இது எந்தக் கணக்கில் சூனியக்காரி?

ஆர்டி ஒரே பொய்யைத் திரும்பத் திரும்பச் சொல்கிறது என்று நினைத்தால் அது பழைய காலத்துப் பிரச்சாரம். லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆய்வாளர்கள், சம்பவம் நடந்த நாலு வாரத்தில் ஆர்டியும் ரஷ்ய அரசின் இன்னொரு ஊடகமான ஸ்புட்னிக்கும் வெளியிட்ட 735 கட்டுரைகளைப் படித்து, ஒன்றுக்கொன்று முரணான 138 கதைகளை எண்ணினார்கள். பிரிட்டனே செய்தது, பக்கத்தில் இருக்கிற பிரிட்டன் ராணுவத்தின் போர்ட்டன் டவுன் ஆய்வுக்கூடத்தில் கசிந்தது, உலகக் கோப்பை கால்பந்தைக் கெடுக்கத்தான், பிரெக்சிட்டை மறக்கடிக்கத்தான். ரஷ்ய ஊடகங்களில் சுற்றியவற்றில் எனக்குப் பிடித்தது, மகளுக்கு மாமியாராக வரவேண்டியவர் செய்த வேலை என்பது. உலகம் முழுக்க மாமியாருக்கு ஒரே மரியாதை போல. இந்த 138-ல் ஒன்றையாவது நாம் நம்பவேண்டும் என்று அவர்களுக்கு அவசியமில்லை. கூட்டம் இரைச்சல் போட்டால் போதும், நீதிபதிக்குக் கைதி பேசுவது கேட்காது.

இந்த இரைச்சலில் அமுங்கிப்போன பெயர் ஒன்று உண்டு. டான் ஸ்டர்ஜஸ், 44 வயது, மூன்று பிள்ளைகளின் தாய். அந்த விஷம் ஒரு போலி வாசனைத் திரவியப் பாட்டிலில் கிடந்து, ஜூன் கடைசியில் பக்கத்து ஊரான ஏம்ஸ்பரியில் அவர் கைக்கு வந்தது. அவருடைய துணைவர் கண்டெடுத்துக் கொடுத்தது. மணிக்கட்டில் தெளித்துக்கொண்டார். ஜூலை 8 அன்று ஆஸ்பத்திரியில் இறந்தார். இரண்டு மாதம் கழித்து அந்தப் பேட்டியில் பாட்டில் பற்றிக் கேட்டபோது, ஆம்பளைப் பசங்க லேடீஸ் செண்ட் வைத்திருந்தால் கேவலமாய் இருக்காதா என்கிற தோரணையில் பதில் வந்தது. எனக்கு ரத்தம் கொதித்த இடம் அதுதான். கோபுரத்தையும் கடிகாரத்தையும் பார்த்துச் சிரித்தேன், இதற்குச் சிரிக்க முடியவில்லை.

இந்தப் பக்கமும் யோக்கியம் என்று சொல்ல வரவில்லை. ஆரம்பத்தில் டான் ஸ்டர்ஜஸைப் போதைக்குப் பழகியவர் என்று உள்ளூர்ப் போலீஸ் குறித்துவைத்தது. தவறு என்று 2024-ல், அவர் சாவு பற்றிய பொது விசாரணையின்போது, மன்னிப்புக் கேட்டார்கள். ஏழைப் பெண் என்றால் முதலில் ஒட்டுவது இந்த மாதிரிச் சீட்டுதான், 1653 ஆனாலும் 2018 ஆனாலும். ஆனால் ஒரு வித்தியாசத்தைச் சொல்லியாக வேண்டும். சால்ஸ்பரி நகர மண்டபத்தில் விசாரணை தொடங்கியபோது அவர் யார், எப்படிப்பட்டவர் என்று குடும்பத்தார் சார்பில் பேச இடம் இருந்தது. தப்பாகச் சேர்த்த வார்த்தையைத் திரும்ப வாங்க வழி இருந்தது. 2025 டிசம்பர் 4-ல் அந்த விசாரணையை நடத்திய ஹியூஸ் பிரபு வெளியிட்ட அறிக்கை, ஸ்க்ரிபாலைக் கொல்லும் முயற்சிக்குப் புதினே அனுமதி கொடுத்திருக்க வேண்டும் என்றது. அன்று சாயங்காலம் புதின் டெல்லியில் இறங்கினார். மறுநாள் ஆர்டி இந்தியா சேனலைத் தொடங்கிவைத்தார். என் நண்பனுக்கு வீடியோ எங்கிருந்து வருகிறது என்று இப்போது புரிகிறதா?

பிரிட்டனில் ஆர்டி கிடையாது. நடுநிலை தவறியதற்காக, ஒளிபரப்பைக் கண்காணிக்கிற அமைப்பான ஆஃப்காம் 2019-ல் 2 லட்சம் பவுண்ட் அபராதம் போட்டது. உக்ரைன் போர் தொடங்கிய பிறகு 2022 மார்ச் 18-ல் உரிமத்தையே பிடுங்கியது, அப்போது 29 விசாரணைகள் கையில் இருந்தன. அபராதம் சரி என்பேன். மூடியதில் எனக்கு முழு மனசு இல்லை. மூடியதால் அந்தச் சேனலுக்கு ஒரு தியாகி வேஷம் கிடைத்தது. அதற்கு ரெண்டு வாரம் முன்பே ரஷ்யா பிபிசி இணையதளத்தை முடக்கிவிட்டது, அந்த வேஷத்தை யாரும் பிபிசிக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்பது வேறு. என் வீட்டில் இதில் இரண்டு கட்சி. அந்தப் பேட்டியைத் தடை செய்யாமல் முழுசாக, வெட்டாமல் எல்லோருக்கும் போட்டுக் காட்டணும் என்பது என் கட்சி. வெட்டிய ஒன்றரை நிமிடம்தான் ஆபத்து.

நண்பன் வர்ற ஜூனில் குடும்பத்தோடு வருகிறான். ஸ்டோன்ஹெஞ்ச் கட்டாயம் பார்க்கணுமாம். சால்ஸ்பரியில் இறக்கி, ஸ்டேஷன் வாசலில் நிறுத்தி, கதீட்ரலுக்கு எந்தப் பக்கம் போகணும் சொல்லுடா என்று அவனையே கேட்கப் போகிறேன். கோபுரம் ரயில் வரும்போதே ஜன்னலில் தெரியும்.